பெரிய பழைய காரா, சின்னப் புதிய ஜீப்பா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து வருடங்களின் பின்னர், 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின் காலி வீதியில் புது வாகனங்கள் கண்ணில் படத் தொடங்கின. அவற்றில் கணிசமானவை முன்னைய காலத்து நீளமான கார்கள் அல்ல. கட்டையான, உயரமான 'சின்ன ஜீப்'புகள். விற்பவர்கள் இவற்றை எஸ்.யூ.வி. என்பார்கள். எங்கள் அம்மாமாருக்கு அவை எல்லாமே ஜீப்தான்.

எமது மகளிர் குழுவிலும் இதே பேச்சுத்தான். வாகனம் ஓட்டி உழைக்கும் பெண்களும், இனி ஓட்டி உழைக்கலாம் என்று நினைக்கும் பெண்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, பழைய பெரிய காரை வைச்சிருக்கிறதோ, இல்லாட்டி வித்துப்போட்டு லீசிங்கில ஒரு சின்ன ஜீப் எடுக்கிறதோ?"

இதற்கு வாயால் பதில் சொல்வதைவிட, இரண்டையும் ஓடிப் பார்த்துச் சொல்வதே நல்லது என்று எனக்குப் பட்டது.

என்னைப் பற்றிச் சில வார்த்தைகள். நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள். 2009 இல் கணவரை இழந்தேன். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த பின் இரண்டு பிள்ளைகளுடன் வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தேன். 2014 இல் கனடாவிலுள்ள என் தமையன் அனுப்பிய காசில் ஒரு நிசான் செபிரோ காரை வாங்கினேன். வயோதிபர்களையும் பெண்களையும் கிளினிக்குக்கும் வங்கிக்கும் கோயிலுக்கும் அழைத்துச் சென்று கூட்டி வருவதே அன்றிலிருந்து என் தொழில். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி இதே தொழிலைச் செய்கிறாள். மட்டக்களப்பைச் சேர்ந்தவள். ஊர்க்காணியை விற்ற காசையும் சுவிசிலுள்ள சகோதரி கொடுத்ததையும் முற்பணமாகக் கட்டி, மிகுதிக்கு லீசிங் எடுத்து, 2025 இல் ஒரு ரொயோட்டா ரெய்ஸ் வாங்கினாள். நாங்கள் இருவரும் இரண்டு வாரங்கள் வாகனங்களை மாற்றி ஓடினோம். காப்புறுதிக்காரரிடமும் லீசிங்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே இதைச் செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டும் எப்படிப்பட்டவை?

என்னுடைய செபிரோ, 1998 முதல் 2003 வரை ஜப்பானில் விற்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. 2000 சிசி எஞ்சின், ஆறு சிலிண்டர். நீளம் ஏறக்குறைய 4.8 மீற்றர். நிறை 1,400 கிலோ அளவில் வரும். அந்தக் காலத்தில் வசதியானவர்கள் வைத்திருந்த கார். இன்று அதன் இலக்கத் தகட்டிலுள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததுமே பழையது என்று தெரிந்துவிடும்.

ரெய்ஸ் 2019 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. ரொயோட்டா என்ற பெயரில் விற்கப்பட்டாலும் அதைத் தயாரிப்பது டைஹாட்சு நிறுவனம். தங்கச்சியினுடையது 996 சிசி, மூன்று சிலிண்டர், டேர்போ பூட்டிய எஞ்சின். நீளம் நான்கு மீற்றருக்கு ஐந்து மில்லிமீற்றர் குறைவு. நிறை ஒரு தொன் அளவுதான்.

இவ்வளவு சிறிய எஞ்சினை ஏன் கொண்டுவருகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. எமது நாட்டில் வாகனத்துக்கான உற்பத்தி வரி எஞ்சினின் சிசி அளவைப் பார்த்து அறவிடப்படுகிறது. சிசி கூடக் கூட வரியும் ஏறும். 2000 சிசி பெரிய கார் ஒன்றை இன்று புதிதாக இறக்க எங்களைப் போன்றவர்களால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே பழைய பெரிய கார், புதிய சின்ன ஜீப் என்ற இரண்டுக்கும் இடையில்தான் எமது தெரிவு நிற்கிறது.

ஏறுவதும் இறங்குவதும்

வாகனத்தைப் பற்றிப் பேசும் ஆண்கள் பெரும்பாலும் வேகத்திலிருந்து தொடங்குவார்கள். நான் கதவிலிருந்து தொடங்குகிறேன். என்னோடு வருபவர்களில் முழங்கால் நோவுள்ள அம்மாமார் உண்டு. ஷெல் பட்டுக் கால் இழந்து, ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கும் பெண்களும் உண்டு. இடுப்பிலோ முதுகிலோ இன்னும் சன்னத் துண்டுகளுடன் வாழ்பவர்களும் உண்டு. இவர்களுக்கு ஒரு பயணத்தின் கஷ்டமான பகுதி வீதியல்ல, கதவடிதான்.

செபிரோவின் இருக்கை தாழ்வானது. உட்காரும்போது உடம்பைக் கீழே இறக்கவேண்டும், எழும்பும்போது முழங்காலை ஊன்றி உடம்பு முழுவதையும் மேலே தூக்கவேண்டும். இராமகிருஷ்ண வீதியிலிருந்து என்னோடு மாதாந்தம் கிளினிக்குக்கு வரும் ஓர் அம்மாவை, இறங்கும்போது இரண்டு கையிலும் பிடித்துத்தான் எழுப்புவேன். ரெய்ஸில் போன அன்று அவர் தாமாகவே இறங்கிவிட்டு, "பிள்ளை, இது கதிரையில இருந்து எழும்பினது மாதிரி இருக்கு" என்றார். இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்குக் கிட்ட இருந்ததே காரணம். உடம்பை இறக்கவும் தேவையில்லை, ஏற்றவும் தேவையில்லை.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. முழங்காலுக்கு மேல் கால் இழந்த ஒரு தங்கைக்கு செபிரோதான் வசதியாக இருந்தது. அவர் கட்டையானவர். ரெய்ஸின் இருக்கை அவருக்கு உயரம். அதோடு, செயற்கைக் காலை நீட்டி வைப்பதற்கு செபிரோவின் முன்னிருக்கையில் இடம் தாராளம். எமது நாட்டில் சாரதிக்குப் பக்கத்து இருக்கை இடது பக்கம் இருப்பதால், அதில் ஏறுபவர் வலது காலைத்தான் முதலில் உள்ளே வைப்பார். வலது கால் செயற்கையாக இருந்தால் அது சிரமம். அப்படியானவர்கள் இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பின் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். அதற்குக் கதவு அகலமாகத் திறக்கவேண்டும், இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளக்கூடியதாகவும் இருக்கவேண்டும். வாகனம் வாங்கப் போகும்போது உங்கள் வீட்டில் நடக்கக் கஷ்டப்படுபவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த விளம்பரத்திலும் இந்த விபரம் இருக்காது.

பயண சுகமும் டிக்கியும்

பயண சுகத்தில் பெரிய கார் பெரிய கார்தான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் செபிரோவில் 2.75 மீற்றர், ரெய்ஸில் 2.53 மீற்றர் அளவு. இந்த இடைவெளி கூடினால் குழியில் விழும்போது தூக்கிப்போடுவது குறையும். வண்டி பாரமாக இருப்பதும் அதற்கு உதவும். சத்திரசிகிச்சை செய்த ஒருவரைக் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குக் கூட்டிப்போவதென்றால் நான் இன்றும் செபிரோவையே தெரிவுசெய்வேன். ரெய்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது மெல்ல அதிர்வது முதுகு நோவுள்ளவர்களுக்குத் தெரியும். ஓடத் தொடங்கினால் அது மறைந்துவிடும்.

டிக்கியிலும் பழையது முன்னுக்கு நிற்கிறது. மடித்த சக்கர நாற்காலியை வைத்த பின்பும் இரண்டு பயணப்பைகளுக்கு செபிரோவில் இடமிருந்தது. ரெய்ஸின் டிக்கி 369 லீற்றர் கொள்ளளவு கொண்டது. அதன் அளவுக்கு அது நல்ல இடம்தான், ஆனாலும் நாற்காலியை வைத்தால் அதோடு சரி. பைகள் மடிக்கு வந்துவிடும். பின்னிருக்கையை மடித்தால் இடம் கூடும், ஆள் குறையும்.

ஒழுங்கைகளும் வெள்ளமும்

வெள்ளவத்தையின் குறுக்கு ஒழுங்கைகளும் கொட்டாஞ்சேனையின் ஜெம்பட்டா வீதிப் பக்கத்துச் சந்துகளும் நீளமான கார்களை நினைத்து அமைக்கப்பட்டவை அல்ல. இரண்டு வாகனங்களுக்கும் இடையிலான நீள வித்தியாசம் 79 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது அந்த இரண்டு முழத்தின் அருமை தெரியும். செபிரோவை நான் மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பும் இடத்தில், ரெய்ஸ் ஒரே தரத்தில் திரும்பியது.

மழைக் காலத்திலும் சின்ன ஜீப்புக்கே மதிப்பு. அதன் அடிப்பாகம் நிலத்திலிருந்து 185 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாய்க்கால் பெருகி டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கம் தண்ணீர் நிற்கும் நாட்களில் செபிரோவை வெளியே எடுக்கவே நான் யோசிப்பேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். பார்வைக்கு ஜீப்பாக இருந்தாலும் இது வெள்ளத்தில் இறக்கும் வாகனமல்ல. தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் எந்த வாகனத்தையும் இறக்காதீர்கள்.

பெற்றோல் படுத்தும் பாடு

கொழும்பு நெரிசலில் என் செபிரோ லீற்றருக்கு 7 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அதே பாதைகளில் ரெய்ஸ் 13 கிலோமீற்றர் அளவில் ஓடியது. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் எனக்கு 143 லீற்றர் வேண்டும், தங்கச்சிக்கு 77 லீற்றர் போதும். வித்தியாசம் 66 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்கு எடுத்தால் மாதம் 19,800 ரூபா.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவுக்கு ஏறியது. வரிசையில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தோம். பின்னர் ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். அந்த 20 லீற்றரில் செபிரோ 140 கிலோமீற்றர் ஓடும். ரெய்ஸ் என்றால் 260 கிலோமீற்றர் ஓடியிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஊர் நினைவும் வராமல் போகாது. 1990 க்குப் பின், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த எஞ்சின்களாக இருந்தபடியால் அவை அதைத் தாங்கின. பிள்ளைத்தாய்ச்சிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கார்கள்தான். 'பழசுதான் எதையும் தாங்கும்' என்ற நம்பிக்கை எங்களுக்குள் ஊறிப்போனதும் அப்படித்தான். ஆனால் என் செபிரோ அந்தச் சாதியைச் சேர்ந்ததல்ல. அதில் காபரேற்றர் இல்லை. பெற்றோலை அளந்து தெளிப்பது கணினிப் பெட்டி. மண்ணெண்ணெய் விட்டால் செபிரோவும் கெடும், ரெய்ஸும் கெடும். பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வாகனம் உறுதியானது என்று நினைக்கக்கூடாது.

திருத்த வேலை

பழைய காருக்குச் சாமான் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. பஞ்சிகாவத்தை இருக்கும்வரை பயமில்லை. ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பாகங்கள் அங்கு கிடைக்கும். கதவுக் கண்ணாடியிலிருந்து கியர்ப் பெட்டி வரை தேடி எடுக்கலாம். ஆனால் பேரம் பேசத் தெரிந்திருக்கவேண்டும், சாமானின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போகவேண்டும். "மிஸ்ஸுக்குத் தெரியாது" என்று நினைத்துக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு கடையில் விலை கேட்ட பின்னரே வாங்குங்கள்.

ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளக். எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் பின்வரிசை மூன்றும் கை எட்டாத இடத்தில் இருக்கின்றன. அதனால் கூலி கூடும். எஞ்சினைத் தாங்கும் றப்பர்கள், கொயில், ஏசி என்று வருடத்தில் ஏதாவது ஒன்று செலவு வைக்கும். ஆகவே நான் மாதம் 20,000 ரூபாவைத் திருத்த வேலைக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

ரெய்ஸில் இப்போதைக்குத் திருத்த வேலை ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. டேர்போ எஞ்சினுக்கு ஒயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடக்கூடாது, சொல்லப்பட்ட தரத்து ஒயிலையே விடவேண்டும். டேர்போ மிக வேகமாகச் சுழலும் சாமான். அழுக்கு ஒயில் அதைத் தின்றுவிடும். அதை மாற்றுவது பிளக் மாற்றுவது போன்ற செலவல்ல.

பாதுகாப்பு

புதிய ரெய்ஸ்களில் பெரும்பாலானவற்றில் முன்னால் வாகனமோ ஆளோ குறுக்கிட்டால் எச்சரித்து, தானே பிரேக் போடும் வசதி இருக்கிறது. பழைய காரில் இது கிடையாது. இது பெரிய நன்மைதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் விசாரிக்கவேண்டிய விடயங்கள் உண்டு.

2000 ஆம் ஆண்டுக் காலத்து ஜப்பானியக் கார்கள் பலவற்றில் ரகாட்டா என்ற நிறுவனத்தின் காற்றுப்பைகள் பூட்டப்பட்டிருந்தன. வெப்பமும் ஈரப்பதனும் உள்ள இடங்களில் வருடக்கணக்கில் இருந்தால் அவற்றின் உள்ளே இருக்கும் இரசாயனம் கெட்டு, விபத்தின்போது பை விரிவதற்குப் பதிலாக உலோகத் துண்டுகள் தெறிக்கலாம். உலகெங்கும் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இதற்காக மீளப்பெறப்பட்டன. எமது நாடோ வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடு. பழைய ஜப்பானியக் கார் வைத்திருப்பவர்கள் செசி இலக்கத்தைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் முகவரிடம் விசாரிப்பது அவசியம்.

புதியதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டைஹாட்சு நிறுவனம் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023 இல் வெளிவந்தது. அவ்வருடம் மே மாதத்தில் ரெய்ஸின் ஹைபிரிட் வகையினது பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. டிசம்பரில் 64 வகை வாகனங்களில் முறைகேடு கண்டறியப்பட்டு, எல்லா வாகனங்களின் விநியோகமும் நிறுத்தப்பட்டது. ஜப்பானிய அரசாங்கத்தின் பரிசோதனைகளின் பின்னரே உற்பத்தி படிப்படியாக மீண்டும் ஆரம்பமாகியது. பாவித்த ரெய்ஸ் வாங்குபவர்கள் தயாரிப்பு ஆண்டு, வகை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லீசிங் கணக்கு

இனித்தான் முக்கியமான விடயம். 2025 இல் புதிய ரெய்ஸின் விலை ஒரு கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது. முழு விலைக்கும் லீசிங் கிடைக்காது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி வரம்பு விதிக்கிறது. பெரிய தொகை ஒன்றைக் கையிலிருந்து கட்டவேண்டும்.

மிகுதி நாற்பது இலட்சம் ரூபாவை, வருடத்துக்கு 14 வீத வட்டியில், ஐந்து வருடத்துக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 93,000 ரூபா வரும். ஐந்து வருட முடிவில் கட்டி முடித்த தொகை 55 இலட்சத்தைத் தாண்டும். அதாவது வட்டி மட்டும் 15 இலட்சத்துக்கு மேல்.

விற்பவர்கள், "பெற்றோலில் மிச்சம் பிடிக்கிற காசில் தவணையைக் கட்டலாம்" என்று சொல்வதுண்டு. கணக்கைப் பாருங்கள். பெற்றோலில் மிச்சம் மாதம் இருபதாயிரம். என் திருத்தச் செலவு இருபதாயிரத்தையும் அதோடு சேர்த்தாலும் நாற்பதாயிரம்தான். தவணை தொண்ணூற்று மூவாயிரம். மிகுதி ஐம்பத்து மூவாயிரத்தை மாதாமாதம் மேலதிகமாக உழைத்தாகவேண்டும். லீசிங் முடியும்வரை முழுமையான காப்புறுதியும் கட்டாயம். என் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் போல் அது பல மடங்கு.

நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. ஐந்து வருடத்தின் பின் தங்கச்சியின் கையில் விலைபோகக்கூடிய ஒரு வாகனம் இருக்கும். என்னிடம் முப்பது வருடத்தை நெருங்கிய ஒரு கார் இருக்கும். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதையும் பார்த்தோம். புதிய வாகனத்தைப் பார்த்து வரும் வாடிக்கையாளரும் உண்டு.

ஆனால் நான் யோசிப்பது வீதி மூடும் மாதங்களைப் பற்றி. 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பின் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஹயர் ஓடவே ஆளில்லை. 2020 இல் கொரோனா ஊரடங்கு. 2022 இல் பெற்றோல் இல்லை. நான்கு வருடங்களுக்குள் மூன்று தடவை எங்கள் தொழில் நின்றது. அந்த மாதங்களில் என் கார் வாசலில் சும்மா நின்றது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுதான் என் கவலை, தவணை அல்ல. லீசிங்கில் இருந்தவர்களுக்கு இரண்டு கவலை. 2020 இல் தவணையை ஒத்திவைக்கும் சலுகை வந்தது உண்மைதான். ஒத்திவைத்தாலும் கடன் கடன்தான், அது வட்டியோடு காத்திருக்கும்.

கடன் எமது பெண்களை என்ன செய்யும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் விடயத்தில் கண்டோம். 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களை இரத்துச் செய்யவேண்டி வந்தது. லீசிங் கடன் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சியிடம் இதைப் பேசினேன். "அக்கா, நான் பயப்பிடாமல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் எட்டுப் பேரைக் காலையும் பின்னேரமும் ரெண்டு நடையா ஏத்தி இறக்கிறன். தவணைக் காசு அதிலயே வந்திடும். ஹயர் ஓடுறது வீட்டுச் செலவுக்கு. ரெண்டு மாதத் தவணையை வங்கியில தொடாமல் வைச்சிருக்கிறன்" என்றாள். அவள் கணக்குத் தெரிந்தவள். நிலையான வருமானத்தை முதலில் பிடித்து, அதன் பின்னர்தான் கையொப்பம் வைத்திருக்கிறாள். அப்படிச் செய்பவர்களுக்கு லீசிங் ஓர் ஏணி. வருமானம் பிறகு வரும் என்று நினைத்துக் கையொப்பம் வைப்பவர்களுக்கு அது ஒரு கிணறு.

யாருடைய பெயரில்?

எந்த வாகனமாக இருந்தாலும் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கணவர் காணாமற் போய், அவர் பெயரிலுள்ள கார் வருடக்கணக்கில் வளவுக்குள் நின்று துருப்பிடிப்பதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். மனைவிக்கு அதை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. மரணச் சான்றிதழ் எடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. அதை எடுக்கும்படி அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையுமில்லை.

2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமற் போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். காணாமற் போனவரின் சொத்துகளைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். வாகனத்தைப் பொறுத்தவரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு இலவசமாக உதவுவார்கள்.

வாங்கும்போதும் கவனம் தேவை. உரிமை மாற்றாமல், முன்னைய சொந்தக்காரர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வாகனம் ஓடுபவர்கள் உண்டு. அவர் வெளிநாடு போனால் அல்லது இறந்தால் நீங்கள் நடுவழியில் நிற்பீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனேயே உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றுங்கள். காசு தந்தவர் தமையனோ மருமகனோ யாராக இருந்தாலும், ஓடி உழைப்பவர் நீங்கள் என்றால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஹயர் ஓடப் போகிறீர்கள் என்பதைக் காப்புறுதிக்காரரிடம் மறைக்கவும் வேண்டாம். தனியார் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியில் ஹயர் ஓடி விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

வாங்குமுன் எழுதிப் பாருங்கள்

இரண்டு வார ஓட்டத்தின் பின் நான் கண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஒழுங்கை, மழை, பெற்றோல், வயோதிபரின் முழங்கால் ஆகிய நான்கிலும் சின்ன ஜீப் மேலானது. தூரப் பயணம், சாமான், கால் நீட்டும் இடம், கடனில்லாத நிம்மதி ஆகிய நான்கிலும் பழைய பெரிய கார் மேலானது. எது உங்களுக்கு ஏற்றது என்பதைக் கீழ்வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

- இந்த வாகனத்தில் அதிகம் ஏறப்போவது யார்? அவர் ஏறி இறங்கிப் பார்த்தாரா?
- மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுவேன்? நகரத்திலா, தூர இடத்துக்கா?
- தவணையைக் கட்டப்போவது ஏற்கனவே கையிலுள்ள வருமானமா, இனி வரும் என்ற நம்பிக்கையா?
- மூன்று மாதம் தொழில் நின்றால் எதைக் கொண்டு தவணையைக் கட்டுவேன்?
- பழையதானால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் எஞ்சின், கியர், துரு மூன்றையும் பார்த்தாரா? புகைப் பரிசோதனையில் தேறுமா? அது தேறாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.
- புத்தகம் என் பெயருக்கு வருமா?

என் முடிவைக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். செபிரோவை இப்போதைக்கு விற்கப்போவதில்லை. மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். கையில் பாதி விலை சேர்ந்த பின், பாவித்த சின்ன ஜீப் ஒன்றைச் சிறிய கடனோடு எடுப்பதே என் எண்ணம். அதுவரை இராமகிருஷ்ண வீதி அம்மாவின் கிளினிக் நாட்களில் கொட்டாஞ்சேனைத் தங்கச்சி வருவாள். அவளுக்குக் கிளிநொச்சிப் பக்கம் ஹயர் வந்தால் நான் போவேன். இரண்டு பெண்கள் சேர்ந்தால் இரண்டு வாகனமும் இருவருக்கும் பயன்படும். உங்கள் குழுவிலும் வாகனம் ஓட்டும் பெண்கள் இருந்தால், கடன் எடுப்பதற்கு முன் இந்த வழியையும் ஒருமுறை பேசிப் பாருங்கள்.